முள்வாங்கியும் பின்வாங்கியும்

கேள்வி: நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். சரக்குப் பதிவேட்டைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று உத்தரவு. தாள்களில் அடித்த ஸ்டேப்ளர் பின்னை எடுக்கும் கருவி இருக்கிறதல்லவா, பாம்பு வாயைப் போல மேலும் கீழும் பல் வைத்தது, அதற்கு 'பின் நீக்கி' என்று எழுதினேன். செயலாளர் அடித்துவிட்டு 'பின் அகற்றி' என்று திருத்தினார். பக்கத்து மேசைக்காரர் 'பின் எடுப்பான்' என்கிறார். எதை எழுதுவது?
(மன்னார்குடி வாசகி)

பதில்: மூன்றுமே இலக்கணப்படி பிழையில்லை அம்மா. ஆனால் மூன்றிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. காரணம் சொல்ல என் தாத்தாவின் பட்டறை வரை போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். தாத்தா கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். உழவு தொடங்கும்போது கொழு, அறுப்பு நெருங்கும்போது கருக்கரிவாள் என்று மூச்சுவிட நேரமிருக்காது. இரண்டுக்கும் நடுவில் வேலை ஓய்ந்த நாட்களில் சின்னச் சாமான்கள் செய்வார். அவற்றில் ஒன்று முள்வாங்கி. விரல் நீளத்தில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை நடுவில் மடக்கி, இரண்டு நுனியும் இழை பிசகாமல் பொருந்தும்வரை அரத்தால் ராவுவார். ராவி முடித்ததும் தன் இடது கையில் ஒரே ஒரு முடியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். முடி அறுந்தால், "இது கத்தரிக்கோல்" என்று உலைப் பக்கம் எறிவார். வழுக்கினால், "இது கிலுகிலுப்பை" என்பார். வேரோடு வந்தால்தான் அது வாங்கி. தாத்தாவின் இடது கை பெண்பிள்ளையின் கையைப் போல வழுவழுவென்று இருந்தது இப்படித்தான்.

அந்தக் கருவியை ஆண்டவர் என் அப்பாயி. கருவை முள் காலில் ஏறிவிட்டால் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். சுருக்குப்பையிலிருந்து ஒரு வளையம் வெளியே வரும். அதில் மூன்று சாமான் கோத்திருக்கும்: முள்வாங்கி, காதழுக்கு எடுக்கும் குறும்பிவாங்கி, கூர்மையான ஊசி ஒன்று. (குறும்பி என்பது காதுக்குள் திரளும் அழுக்கு. இந்தச் சொல்லை இப்போது சொன்னால் பேரப்பிள்ளைகள் 'குறும்பு' என்று காதில் வாங்கிக்கொள்கிறார்கள்.) முதலில் ஊசியால் முள்ளைச் சுற்றிக் கெல்லுவார். முள்ளின் தலை கொஞ்சம் தெரிந்ததும் ஊசியை வைத்துவிட்டு முள்வாங்கியை எடுப்பார். "கெல்லுவது என் வேலை, வாங்குவது அதன் வேலை, பல்லைக் கடிப்பது உன் வேலை" என்பார். முறிந்து உள்ளே தங்கிவிட்ட முள்ளுக்கு எருக்கம்பால் வைத்துக் கட்டி, மறுநாள் பார்ப்பார்.

இப்போது சொல்லுக்கு வருவோம். 'வாங்கு' என்றால் காசு கொடுத்துப் பெறுவது என்று மட்டுமே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பின்னால் வந்து முன்னால் உட்கார்ந்துகொண்ட பொருள். இழுப்பது, தன்பக்கம் கொண்டுவருவது, வளைப்பது ஆகியவை அதன் பழைய பொருள்கள். பழைய நூலில் ஒருவன் வில்லை வாங்கினான் என்று வந்தால், கடையில் வாங்கினான் என்று பொருளில்லை. நாணை இழுத்து வளைத்தான் என்று பொருள். இந்தப் பழைய பொருள் செத்துவிடவும் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பழைய அரிசி தண்ணீர் அதிகம் வாங்குகிறது. வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயை வாங்குகிறது. மேலதிகாரி வேலை வாங்குகிறார். கடல் உள்வாங்குகிறது, 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கடைசித் தொடரைச் செய்தித்தாளில் பார்த்தாலே நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. இவற்றில் ஒன்றிலும் காசு கை மாறவில்லை.

ஆகவே முள்வாங்கி என்பது முள்ளை விலைக்கு வாங்குவது அல்ல. முள்ளை உள்ளிருந்து இழுத்துக்கொள்வது. சுற்றியுள்ள சதையைக் கிழிக்காமல், முள்ளை முறிக்காமல், வந்த வழியே திரும்ப வரவழைப்பது. இத்தனையும் அந்த ஒரு வினைக்குள் இருக்கிறது. 'முள்நீக்கி' என்றால் முள் போய்விட்டது என்பது மட்டும் தெரியும். எப்படிப் போயிற்று என்பது தெரியாது. காலையே வெட்டி எறிந்தாலும் முள் நீங்கத்தான் செய்யும்.

உங்கள் கருவி செய்கிற வேலையும் இதேதான். தாளைக் கிழிக்காமல் பின்னை இழுத்துக்கொள்கிறது. முள்வாங்கி போலவே அதற்கும் பெயர் வைத்தால் 'பின்வாங்கி' என்று வர வேண்டும். இங்கேதான் தமிழ் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. பின்வாங்கி என்றால் புறமுதுகு காட்டி என்று ஒரு பொருள். பின் வாங்கி என்று இடம் விட்டு எழுதினால் கடையில் பின் வாங்கிக்கொண்டு என்று இன்னொரு பொருள். "செயலாளர் பின்வாங்கி மேசையில் வைத்தார்" என்று எழுதினால் உங்கள் வேலைக்கு நான் பொறுப்பில்லை.

வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். ஆணியைப் பிடுங்குகிறோம், ஆகவே 'பின்பிடுங்கி' சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பின்பாதியை ஊரில் ஏச்சுக்கு வைத்துக்கொண்டார்கள், பதிவேட்டில் ஏற்ற வேண்டாம். 'பின்கழற்றி' பொருந்தாது. கழற்றுவது சட்டையை, செருப்பை, மோதிரத்தை. திரும்ப மாட்டிக்கொள்கிற பொருளைத்தான் கழற்றுவோம். எடுத்த பின்னைத் திரும்பப் போடுவார் இல்லை. பின் என்பதே ஒரு கம்பித் துண்டு என்பதால் 'கம்பிவாங்கி' என்று வைக்கலாமா என்றும் பார்த்தேன். கம்பி நீட்டுவது நினைவுக்கு வந்துவிட்டது; அதுவும் ஓட்டம்தான்.

கடைசியில் என் தீர்ப்பு: பதிவேட்டில் 'பின்வாங்கி – 4' என்றே எழுதுங்கள். பதிவேட்டில் வாக்கியம் கிடையாது, பெயரும் எண்ணிக்கையும்தான். அங்கே யாரும் யாரிடமிருந்தும் பின்வாங்க இடமில்லை. சேர்த்து எழுதுங்கள், அவ்வளவுதான். செயலாளர் கேட்டால் முள்வாங்கியைக் காட்டுங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் அது ஏறியிருக்கிறது. வாக்கியத்துக்குள் எழுத நேர்ந்தால் உங்கள் பக்கத்து மேசைக்காரரின் 'எடுப்பான்' பரவாயில்லை.

சேர்த்து எழுதுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் 34 வருடம் பிழை திருத்தினேன். இரும்புக்கடை ஒன்றின் விலைப்பட்டியல் வந்தது. எழுத்துக் கோத்தவர் 'முள் வாங்கி' என்று நடுவில் இடம் விட்டுவிட்டார், நானும் கோட்டைவிட்டேன். கடைக்காரர் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "நான் முள்ளெல்லாம் வாங்குவதில்லை ஐயா, வேலி அடைக்கிறவனிடம் போகச் சொல்லுங்கள்" என்றார். ஆயிரம் பிரதி. என் சம்பளத்தில் பிடிக்கவில்லை என்றாலும் பல நாள் அந்தத் தெரு வழியாக நான் போகவில்லை. மண்வெட்டியும் அப்படித்தான்: சேர்ந்திருந்தால் கருவி, பிரிந்தால் யாரோ மண் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: அப்படியானால் 'நீக்கி' என்று எதையுமே சொல்லக் கூடாதா? கறை நீக்கி, நகப்பூச்சு நீக்கி, கைபேசியில் படத்தின் பின்னணி நீக்கி என்றெல்லாம் எழுதுகிறார்களே? 
(கும்பகோணம் வாசகர். மேலே உள்ள பதிலை எழுதிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்கு வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே கேட்டார்.)

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் சரி. கறையும் நகப்பூச்சும் பின்னணியும் கைக்கு வருகிற பொருள்கள் அல்ல. கரைந்தோ மறைந்தோ போகின்றன. நீங்குவது தானாகப் போவது. நீக்குவது போகச் செய்வது. போனால் சரி என்கிற இடத்தில் நீக்கி போதும்.

நான் சொல்வது, எல்லாவற்றுக்கும் அதையே போடாதீர்கள் என்றுதான். இந்த மாவட்டத்தில் பிறந்தவனுக்கு ஒன்றை எடுக்க எத்தனை வினை இருக்கிறது! வாய்க்காலில் படிந்ததை வாருகிறோம், அதனால் தூர்வாருதல். வயலில் முளைத்ததைப் பறிக்கிறோம். தேங்காய் மட்டையை உரிக்கிறோம். அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுகிறோம். அரிசியில் உள்ள தவிட்டை நீர்விட்டுக் களைகிறோம். ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறப்பதற்குள் வாய்க்கால் வேலை முடிய வேண்டும் என்று வருடா வருடம் ஓடுகிறார்களே, அந்த ஓட்டத்தின் அறிவிப்புப் பலகைகளைப் பாருங்கள். முன்பெல்லாம் 'தூர்வாரும் பணி' என்று மட்டும் இருக்கும். இப்போது சில இடங்களில் 'வண்டல் அகற்றும் பணி' என்று எழுதியிருக்கிறது. அகற்றுவது என்றால் அகலச் செய்வது, தள்ளி வைப்பது. வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டு, முதல் மழையில் அது திரும்ப உள்ளே சரிவதைப் பார்க்கும்போது, அகற்றவும் இல்லை, வாரவும் இல்லை என்று எனக்குத் தோன்றும். அது சொல்லின் குற்றம் அல்ல.

கேள்வி: கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் கருவிக்குப் பாதாளக்கரண்டி என்று ஏன் பெயர்? அது கரண்டி மாதிரி இல்லையே? 
(திருவையாறு வாசகி)

பதில்: பார்த்திருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். பார்க்காதவர்களுக்காக: கனத்த இரும்பு வளையம். அதைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் கொக்கிகள். கயிற்றில் கட்டிக் கிணற்றின் தரை வரை இறக்கி, மெல்ல நடந்து சுற்றினால் ஏதாவது ஒரு கொக்கி வாளியின் காதில் மாட்டும். சில ஊரில் பாதாளக் கொலுசு என்பார்கள். தூக்கும்போது கொக்கிகள் மோதுகிற சத்தத்தைக் கேட்டால் கொலுசுக்குக் காரணம் புரியும்.

கரண்டிக்கு வருகிறேன். கரண்டுதல் என்றால் சுரண்டுதல். எலி கரண்டுகிறது என்கிறோம். கரண்டியை அந்த வினையின் பிள்ளையாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். சோறு அள்ளுவது அப்புறம். கொத்தனாரின் கொத்துக்கரண்டியில் குழம்பு ஊற்ற முடியுமா? பாதாளக்கரண்டியும் கிணற்றின் அடியைச் சுரண்டிக்கொண்டுதான் போகிறது. வினையோடு 'இ' சேர்ந்தால் கருவிக்குப் பெயர் கிடைத்துவிடும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்: மண்வெட்டி, துருவி, வடிகட்டி. அதே 'இ' செயலுக்கு ஆளாகிற பொருளையும் குறிக்கும். ஊரார் உண்ணும் நீர்நிலை ஊருணி. செயலைச் செய்கிறதையும் குறிக்கும்: பூத்து அலர்வதே அலரி. ஓர் எழுத்து, மூன்று வேலை.

எங்கள் தெருவுக்கு ஒரே பாதாளக்கரண்டி. பட்டறை எங்களுடையது என்பதால் அது எங்கள் வீட்டில் இருந்தது. கேட்டு வருகிறவர்கள் ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். அப்பாயி வைத்த சட்டம் அது, தன் தங்கைக்குக்கூட விலக்குக் கொடுத்ததில்லை. இப்படி வந்த பித்தளைச் சொம்பு ஒன்று திரும்பவே போகவில்லை, கரண்டியும் திரும்பவில்லை. கரண்டியோடு கயிறும் அறுந்து கிணற்றுக்குள் போயிற்று என்றார்கள். அதை எடுக்க இன்னொரு கரண்டி வேண்டுமே! தாத்தா புதிதாக ஒன்று அடித்தார். சொம்பில் நான் இன்றைக்கும் தண்ணீர் குடிக்கிறேன்.

கேள்வி: 'ஆழித்தேர் விழா களைகட்டியது' என்று எழுதுகிறார்கள். களை என்றால் வயலில் முளைக்கும் வேண்டாத புல். திருவிழாவில் ஏன் களையைக் கட்ட வேண்டும்? 
(திருவாரூர் வாசகர்)

பதில்: கேள்வியில் கிண்டல் இருந்தாலும் உள்ளே ஒரு புதையலும் இருக்கிறது. முதலில் கிண்டலுக்குப் பதில். விழாவில் கட்டுகிற களை வேறு. முகத்தில் களை இருக்கிறது என்கிறோமே, அந்தக் களை. சந்திரனுக்குச் சொல்கிற கலையின் உறவு. ஒளி கூடியது, பொலிவு ஏறியது என்று பொருள். வயலுக்கும் அதற்கும் வாய்க்கால் தகராறுகூடக் கிடையாது.

புதையல் இது. களைகட்டுதல் என்பதைத் திருவள்ளுவரிடம் கொண்டுபோனால் விழா கலைந்துவிடும்:

கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ்
களைகட் டதனொடு நேர்.

550-ஆம் குறள். பயிரில் களைகட்டதனொடு நேர் என்றால் களையைக் கட்டி வைப்பது அல்ல. களையைப் பறித்து எறிவது. 'கள்' என்று ஒரு பழைய வினை இருந்தது. அதன் பொருள் பறித்தல், களைதல். அதன் இறந்தகாலம் கட்டது. உழவு அதிகாரத்தில் வருகிற 'ஏரினும் நன்றால் எருவிடுதல் கட்டபின்' என்ற இடத்திலும் அதே வினைதான். 'களை எடுத்த பிறகு' என்று பொருள். கயிற்றால் கட்டிய பிறகு என்று மேடையில் விளக்கம் சொன்ன ஒருவரை நானே கேட்டிருக்கிறேன். எதைக் கட்டினார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

'கள்' மறைந்து 'களை' நின்றது. களைவதற்கு உரியது என்பதால் அந்தப் புல்லுக்கே களை என்று பெயர். நம் வீடுகளில் "அரிசியைக் களைந்து உலையில் போடு" என்கிறோமே, அதுவும் இதே வினைதான். கழுவுவது வேறு, களைவது வேறு. கையைக் கழுவலாம், களைய முடியாது. அரிசியில் தவிடும் தூசியும் போக வேண்டும், மணி நிற்க வேண்டும். வயலிலும் அதே கணக்கு: கோரை போக வேண்டும், நெல் நிற்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் எடுக்கிற வேலைக்கு இந்தச் சொல்.

அதனால்தான் களைக்கொல்லி என்ற பெயர் எனக்குப் பிடிக்கும். யார் வைத்தாரோ, ஒளிக்காமல் வைத்தார். நட்ட வயலில் மணலோடு கலந்து தூவுகிற மருந்து களைவதில்லை, கொல்லுகிறது. அதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார். ஒற்றை நாற்று நடவில் 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நட்டு, வரிசைக்கு நடுவே உருளைக் கருவியைத் தள்ளிக்கொண்டு போகிறார்களே, அதற்கு இன்னும் பெயர் அமையவில்லை. கோனோ வீடர் என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எங்கள் பக்கத்தில் 'கோனோ ஓட்டுகிறார்கள்' என்கிறார்கள். களையைப் பிடுங்கிச் சேற்றிலேயே அமுக்கி எருவாக்கிவிடுகிறது அது. 'களையமுக்கி' என்று வைக்கலாம் என்றேன் தம்பி மகனிடம். "பெரியப்பா, நீங்கள் ஒரு நாள் வந்து ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பெயர் வையுங்கள்" என்றான்.

கேள்வி: ஈர் எடுக்கும் மரக்கருவியை என் பாட்டி ஈர்கொல்லி என்பார். ஈர்வலி என்றும் கேட்டிருக்கிறேன். எது சரி? 
(பாபநாசம் வாசகி)

பதில்: இரண்டும். வலித்தல் என்றால் இழுத்தல். படகில் துடுப்பு வலிக்கிறார்களே, அது. முடியில் ஒட்டிய ஈரை இழுத்தால் ஈர்வலி, நசுக்கினால் ஈர்கொல்லி. உங்கள் பாட்டி எந்தக் கட்சி என்று தெரிகிறது.

கேள்வி: முள்வாங்கி இப்போது கடைகளில் கிடைக்கிறதா? 
(வலங்கைமான் வாசகர்)

பதில்: கிடைக்கிறது, அந்தப் பெயரில் அல்ல. சென்ற வாரம் கும்பகோணத்தில் ஒரு கடையில் கேட்டேன். பையன் விழித்தான். கையால் செய்து காட்டியதும் "ட்வீஸரா தாத்தா?" என்று ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்து வைத்தான். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலாவதை எடுத்து இடது கையில் வைத்து இழுத்தேன், முடி அறுந்தது. இரண்டாவது வழுக்கியது. பையன் அவன் முதலாளியைக் கூப்பிட்டான். மூன்றாவது வேரோடு வந்தது. முப்பது ரூபாய்.